மஞ்சள் வரிசையில் ஒரு சிவப்பு

என் பெரியப்பா தபால் நிலையத்தில் முப்பது வருடம் கடிதம் பிரித்தவர். ஒன்றைக்கூட இடம் மாற்றிப் போட்டதில்லை என்று மார்தட்டுவார். வீட்டுத் தோட்டத்து டேலியாப் பூச்செடிகளும் அப்படித்தான். பூக்காலம் முடிந்ததும் கிழங்குகளைத் தோண்டி, நிறம் எழுதிய சீட்டை ஒவ்வொன்றிலும் கட்டி, அடுத்த வருடம் நிறவாரியாக நடுவதற்குப் பெட்டியில் அடுக்குவார். ஆனாலும் வருடாவருடம் மஞ்சள் வரிசையில் ஒரு சிவப்பு பூத்து அவர் மானத்தை வாங்கும்.

"நான் சரியாத்தான்டி எழுதினேன்!" என்று குதிப்பார்.

"அப்போ கிழங்குதான் தப்பாப் படிச்சிருக்கும்" என்பார் பெரியம்மா, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

பெரியம்மா இறந்ததற்கு அடுத்த வருடம், எல்லாப் பூக்களும் சீட்டில் எழுதியிருந்தபடியே வந்தன. பெரியப்பா மஞ்சள் வரிசையை இரண்டு முறை நடந்து பார்த்தார்.

"இத்தனை வருஷமா என்னை ஏமாத்தியிருக்கா, களவாணி!"

அந்த முறை கிழங்குகளை அடுக்கும்போது, இரண்டு சீட்டுகளை அவரே இடம் மாற்றிக் கட்டினார்.