கீழே போன திருகு

என் பெயர் ஜெயசிங். உதியன்குளங்கரையில் வசிக்கிறேன். ஒரு சம்பவத்தை இருபது ஆண்டுகளாகத் தவறாகச் சொல்லி வந்திருக்கிறேன். அதைத் திருத்துவதற்காகவே இந்தப் பதிவு.

ப்ரேக் ஆயிலுக்கு ஒரு மணம் உண்டு. லேசான இனிப்பு, அதற்கு அடியில் மீன் வாடை போல ஏதோ ஒன்று... எத்தனை முறை சோப்பு போட்டாலும் விரல் இடுக்கை விட்டுப் போகாது. அந்த வாரம் முழுக்க அந்த மணத்தோடுதான் சோறு தின்றேன்.

வீட்டிலிருந்த பழைய காரை ரேஸுக்குத் தயார் செய்துகொண்டிருந்தோம். ஓட்டுவது என் தங்கை ஷீபா. செங்கல் பக்கத்தில் ஒரு செம்மண் மைதானத்தில், எங்களைப் போன்ற அமெச்சூர்களுக்கு வருடம் ஒருமுறை போட்டி நடக்கும். ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் குறிப்பார்கள். முந்தின வருடம் மூன்றாவது சுற்றிலேயே ப்ரேக் சூடாகிப் பிடிக்காமல் போயிற்று. கடைசி வளைவுக்கு அப்பால் இருப்பது வெட்டுக்கல் மதில்.

ஆகவே முன்சக்கரங்களுக்குப் பெரிய ப்ரேக் போடுவதென்று முடிவாயிற்று. என்னோடு பள்ளியில் படித்த தாஸ் மெக்கானிக். நெய்யாற்றின்கரையில் ஒரு பழைய சாமான் கடையில் தேடி, பெரிய மாடல் கார் ஒன்றின், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்குகளையும், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களையும் கொண்டுவந்தான்.

"எலே, நான் மாட்டித் தாறேன்."

"வேண்டாம்லே. மேனுவல் உண்டு."

"நீ பொண்ணு பாக்கப் போனாலும் மேனுவலோட போறவன் ஆக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

நானே மாட்டினேன். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினாலும் ப்ரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ் டயரில் உரசக் கூடாது என்பது போட்டி விதி. உரசியது. இடது காலிப்பரை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்றிப் போட்டேன். ஹோஸ் விலகி நின்றது. விதிக்கு உட்பட்டுவிட்டோம் என்ற திருப்தி எனக்கு.

பிறகு காற்றெடுக்கும் வேலை, அதாவது ப்ரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே விடுவது. ஷீபா உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, நான் தரையில் மல்லாந்து படுத்து, காலிப்பரிலுள்ள சின்னத் திருகைத் திறந்து மூடினேன்.

"மிதி... பிடி... விடு."

ஒரு குமிழி கூட இல்லை. சுத்தமான ஆயில். மேனுவலில் டிக் போட்டேன்.

போட்டி நாளன்று பரிசோதனையில் வண்டி தேறியது. புறப்படும் வரிசையில் நின்றபோது ஷீபா கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணா, மொதல் மிதிக்கு பெடலு கீழ போவுது. ரெண்டாவதுக்குத்தான் நிக்குது."

"புது ப்ரேக் பேடு. பழகணும்."

"உறப்பா? நிச்சயந்தானா?"

"மேனுவல்ல இருக்கு."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

அவள் முறைக்கு முன்னால் இரண்டு வண்டிகள் இருந்தன. நான் ஓரமாக வந்து நின்றேன். அங்கே ஒருவர் தன் காரின் ப்ரேக்கில் காற்றெடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஸ்பேனர் காலிப்பரின் மேல் முனையில்.

இவர் ஏன் படுக்கவில்லை?

காற்று மேலே ஏறும். அதை வெளியேற்றும் திருகும் மேலேதான் இருக்க வேண்டும். நான் பக்கம் மாற்றி மாட்டியதில் காலிப்பர் தலைகீழாகி, என் திருகு கீழே போய்விட்டது. ஆயில் மட்டும் வந்தது... காற்று அப்படியே உள்ளே நிற்கிறது, அதனால்தான் முதல் மிதிக்குப் பெடல் கீழே போகிறது.

திரும்பி ஓடினேன். அதற்குள் ஷீபாவுக்குக் கொடி இறங்கிவிட்டிருந்தது.

கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முதல் சுற்று... இரண்டாவது... கடைசி வளைவு. பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி. பெடலை விட்டு விட்டு மிதிக்கிறாள். அடுத்து ஹேண்ட் ப்ரேக்கை இழுத்திருக்கிறாள். வண்டி பின்புறம் சுழன்று செம்மண் புழுதிக்குள் மறைந்தது.

சத்தம் எதுவும் வரவில்லை. அந்த அமைதிதான் இன்னும் என்னிடம் இருக்கிறது...

புழுதி அடங்கியபோது மதிலுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். அவ்வளவு இடம். மறுபக்கக் கதவு வழியாக இறங்கி மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒனக்க மேனுவல்ல மதிலு உண்டா?"

போட்டி பார்க்க வந்திருந்த தாஸ் மூச்சிரைக்க ஓடி வந்தான். "பார்ட்டு மோசமாலே?"

அவனே ஒரு காரணத்தை எடுத்து என் கையில் கொடுத்தான். "ஆமா. காலிப்பருக்குள்ள ரப்பர் சீல் போயிருக்கு," என்றேன்.

அன்று சாயங்காலமே யாரும் பார்க்காமல் காலிப்பர்களைச் சரியான பக்கத்துக்கு மாற்றினேன். உரசாத அளவில் வேறு ஹோஸ் போட்டு, காற்றெடுத்தேன். முதல் மிதிக்கே பெடல் கல் போல நின்றது.

அதன் பிறகு தாஸ் யாருக்கும் பழைய பார்ட் வாங்கிக் கொடுத்ததில்லை. கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சில் ஷீபாவைக் கண்டால், "அன்னைக்கு நான் நல்லா பாத்து வாங்கியிருக்கணும் மோளே," என்பான். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன்.

இப்போது காற்றெடுக்க மெஷின் வந்துவிட்டது. திருகு மேலே இருக்கட்டும் என்று போன் வீடியோவில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். அன்று எங்களிடம் இருந்தது கறை படிந்த ஒரு மேனுவலும் என் நிச்சயமும்தான். மேனுவல் எங்கேயோ தொலைந்துவிட்டது.

ஷீபா லீவில் வந்திருக்கிறாள். அதே வண்டியை இன்னொரு தடவை ஓட்ட வேண்டுமாம். தாஸின் ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி மேல் நிற்கிறது. நேற்று போனில் சொன்னான்: "எனக்க பார்ட்டு வேண்டாம் மக்கா. புதுசா நீயே வாங்கிட்டு வா."

இன்று காலை ஷீபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீயைக் கீழே வைத்தாள்.

"தாஸண்ணன்ட்ட போய்ச் சொல்லு. அப்பறம் நான் அந்தப் பெடலை மிதிக்கேன்."

இதைப் பதிவிட்டதும் கிளம்புகிறேன். தாஸின் முன்னால் அந்தக் காலிப்பர்களைக் கழற்றி, அன்று மாட்டியது போலவே பக்கம் மாற்றி, என் கையாலேயே மாட்டிக் காட்டப் போகிறேன்.