ஜெயாவின் புத்தகமும் என் போனில் இருந்த பிடிஎஃப்பும்

அந்துருண்டை வாசனை... அந்தப் புத்தகத்தை எப்போது திறந்தாலும் முதலில் வருவது அதுதான்.

என் முதல் வேலை சூரியநெல்லிப் பக்கம் மலையில் ஒரு ரிசார்ட்டில், ரிசப்ஷனில். கெஸ்ட் மறந்துவிட்டுப் போகும் சாமான்களை ஸ்டோர் ரூம் அலமாரியில் ஆறு மாதம் வைத்திருப்பார்கள். யாரும் கேட்டு வராவிட்டால் கண்டெடுத்தவருக்கே கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். மற்றவர்களுக்குக் குடையும் பவர்பேங்கும் கிடைக்கும். ஹவுஸ்கீப்பிங் ஜெயாவுக்குக் கிடைத்தது இந்தத் தடிமனான இங்கிலீஷ் புத்தகம்.

கதை விளையாட்டுப் புத்தகம் அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வீரனாகி, என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள்.

"இத வெச்சு என்ன புள்ள பண்ணப் போற?" என்று சிரித்தேன்.

"படிக்கப் போறேன்" என்றாள்.

படித்தாள்ங்க! எஸ்டேட் ஸ்கூலில் பத்தாவது வரை தமிழ் மீடியம். டிக்‌ஷனரியைப் புரட்டிப் புரட்டி, தெரியாத ஒவ்வொரு வார்த்தைக்கு மேலும் பென்சிலில் பொடிப்பொடியாகத் தமிழில் அர்த்தம் எழுதி வைத்தாள்.

ஜூன் மழையில் ரூம்கள் காலியாகக் கிடக்கும். மத்தியானம் லாண்டரி ரூமில் நாலு பேர் கூடுவோம். ஜெயா, நான், ஜீப் ஓட்டும் மாரியப்பன் அண்ணன், கிச்சன் ஷிபு சேட்டன். பகடை, கெஸ்ட்டுகளின் லூடோ பெட்டியிலிருந்து சுட்டது. ட்ரையர் சூட்டில் சாய்ந்துகொண்டு பால் ஊற்றாத கட்டஞ்சாயா குடிப்போம்...

ஜெயா கதை நடத்தும் அழகைப் பார்க்க வேண்டுமே! நாள் முழுக்க "ஜெயா, டவல்", "ஜெயா, பக்கெட்" என்று ஏவப்படுகிறவள். அந்த ரூமில் அவள் வாயைத் திறந்தால் மூன்று பேரும் மூச்சு விடாமல் கேட்போம். அவள் சொன்னால் அங்கே மழை பெய்யும், அவள் சொன்னால் நிற்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. இப்போதாவது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் எலப்புள்ளியில் வயலும் தோப்பும் உள்ள வீட்டுப் பெண். கோயம்புத்தூரில் டிகிரி. ஃபாரின்காரர்களோடு இங்கிலீஷில் பேசுகிறவள். பாத்ரூம் கழுவுகிறவள் படித்துச் சொல்ல, நான் கேட்டுக்கொண்டிருப்பதா? இப்படித்தான் ஓடியது புத்தி. ச்சே.

அதே புத்தகத்தின் பிடிஎஃப்பைப் போனில் இறக்கினேன். அதே பெயர், அதே அட்டைப்படம். அன்றிலிருந்து அவள் எதைச் சொன்னாலும் நான் தேடிப் பார்த்து, "அப்படி இல்லையே" என்று திருத்த ஆரம்பித்தேன். அவள் தன் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பார்ப்பாள், தலையாட்டுவாள்.

ஒருநாள் மாரியப்பன் அண்ணனின் வீரன் பெரிய பள்ளத்தைத் தாண்டக் குதித்தான். பகடையில் ஒன்று விழுந்தது. அண்ணன் முகம் செத்துவிட்டது.

"மாரியண்ணே, இன்னும் சாகல. பக்கத்துல நிக்கிற ஆளு கையப் புடிச்சா இன்னொரு தடவ உருட்டலாம். ஷிபு சேட்டா, புடிக்கீங்களா?"

"பிடிச்சு, பிடிச்சு!" என்று மலையாளத்தில் கத்திக்கொண்டு சேட்டன் எழுந்தே நின்றுவிட்டார்.

நான் போனில் தேடினேன். அப்படி ஒரு ரூலே இல்லை. "இல்லீங்ணா, இது இவளாச் சொல்றது" என்றேன். அதோடு நிறுத்தினேனா? "இங்கிலீஷ் புரியலீன்னா என்னையக் கேளு ஜெயா. சும்மா அடிச்சு உடாதே."

அவள் விரலை வைத்து அந்தப் பக்கத்தை மெதுவாகப் படித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். புத்தகத்தை மூடினாள்.

"சரி கலா. உன் போன்ல இருக்கபடியே இருக்கட்டும்."

"போகட்டும் விடு தாயி" என்று அண்ணன் எழுந்து போனார். அடுத்த வாரம் ஜெயாவுக்கு டியூட்டி இருந்தது. அதற்கடுத்த வாரமும் இருந்தது... பிறகு யாரும் கூப்பிடவில்லை. நான் வேலையை விட்டுக் கிளம்பியபோது புத்தகத்தை என்னிடமே கொடுத்துவிட்டாள். "உனக்குத்தானே இங்கிலீஷ் வரும், வச்சுக்க." நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். டேப்லெட்டில் இது மாதிரிப் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆன்லைனில் விளையாடுகிறோம், பாதிப் பேர் கேமராவை ஆன் செய்வதில்லை. போன வாரம் அதில் ஒருவர் இதே புத்தகத்தைப் பற்றிப் போகிறபோக்கில் சொன்னார்: "முதல் பதிப்புல கையப் பிடிச்சுக் காப்பாத்துற ரூல் ஒண்ணு இருந்துச்சு. ரெண்டாம் பதிப்புல தூக்கிட்டாங்க."

உடனே எழுந்தேன். பீரோவிலிருந்து புத்தகத்தை எடுத்து, அதுவரை தேடிப் பார்க்காத அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். அதே அந்துருண்டை வாசனை. ஜெயாவிடம் இருந்தது முதல் பதிப்பு. என் போனில் இருந்தது இரண்டாம் பதிப்பு. ரூல் இருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கு மேலும் பென்சில் எழுத்து. ஓரத்தில், "மாரியண்ணன் விழுந்தா இதச் சொல்லணும்."

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவள் கையிலிருந்த பக்கத்தை எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

ஜெயா இப்போது போடிமெட்டில் ஒரு ஹோம்ஸ்டேயில் சூப்பர்வைசர். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று தடவை டைப் செய்து அழித்தேன். அதற்குள் பதில் வந்துவிட்டது.

"தெரியும் கலா. அன்னைக்கே பாத்தேன்ல. எல்லாரு முன்னாடியும் உன்னய எப்பிடித் தலகுனிய வைக்க?"

பின்னாலேயே இன்னொன்று: "மாரியண்ணன் இப்பவும் கேக்கும், பள்ளத்துல விழுந்தவன் என்ன ஆனான்னு. சாகல, தொங்கிட்டுக் கெடக்கான்னு சொல்லி வச்சிருக்கேன்."

இந்த ஜூனுக்கு லீவு கேட்டிருக்கிறேன். புத்தகத்தைப் பைக்குள் வைத்தாயிற்று. டேப்லெட் வீட்டிலேயே இருக்கட்டும். ஜெயா சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டும். அவளிடம் தனியாக இல்லை, மாரியப்பன் அண்ணனையும் ஷிபு சேட்டனையும் உட்கார வைத்துக்கொண்டு. அன்றைக்கு அவர்கள் முன்னால்தானே பேசினேன்.