அண்ணன் போகாத மாஸ்கோ

அமெரிக்காவின் தலைமையை உலக நாடுகள் மனமார ஏற்றுக்கொண்டன என்று தொலைக்காட்சியில் யாராவது பேசினால் எனக்கு அலுப்புத்தான் வருகிறது. மனமாரவாம்! தோட்டத்தை விட்டு குனோங் ராபாட்டுக்குக் குடிவந்து இத்தனை காலமாகியும் அந்த அலுப்பு மட்டும் போகவில்லை.

எண்பதாம் ஆண்டில் நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு சின்ன ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அண்ணன் நல்ல பந்தாட்டக்காரன். மாஸ்கோ ஒலிம்பிக்குக்காகக் கோலாலம்பூரில் நடந்த பயிற்சிக்கு அவனையும் கூப்பிட்டிருந்தார்கள். அவனுக்கு விட்ட நிரையிலிருந்த ரப்பர் மரங்களையும் சேர்த்து நானும் அம்மாவும் பால் வெட்டினோம். விடியும்போது எங்கள் மரங்கள், வெயில் ஏறியதும் அவன் மரங்கள். இடுப்பு விட்டுப்போகும். மாஸ்கோ மாஸ்கோ என்று சொல்லிக்கொண்டே வெட்டுவோம்.

பிறகு மலேசியா போகவில்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். ரஷ்யா ஆப்கானிஸ்தானுக்குள் படையை விட்டதாம். யாரும் மாஸ்கோ போகாதீர்கள் என்று அமெரிக்கா சொன்னதாம்.

"ஊருக்கு எளச்சவன் புள்ளையார் கோயில் ஆண்டியா? என் மவன் எந்த நாட்டுல போயி பூந்தான்?" என்று அம்மா கத்தினாள்.

பையோடு திரும்பி வந்த அண்ணன் கத்தவில்லை. "அமெரிக்காக்காரன் சொன்னதுக்காக இல்லியாம்லா. நம்ம நாட்டுக்குச் சொந்தக் காரணம் இருக்காம். போகாத ஒவ்வொரு நாட்டுக்கும் இருக்காம்" என்றான். ஆளுக்கொரு காரணம், ஆனால் எல்லாரும் ஒரே பக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் கோயில் தலைவர் கடைவாசலில் உட்கார்ந்து அமெரிக்காவைத் திட்டாத நாளில்லை. "பெரியவன் கூப்பிட்டா பின்னாலயே போறதா? மானம் ரோசம் இல்ல?" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

திருவிழா முடிந்ததும் ஆற்றுக்கு அக்கரைத் தோட்டத்தோடு பந்தாடுவது எங்கள் வழக்கம். "மாஸ்கோ இல்லேன்னா என்ன, இங்க ஆடுறேன்" என்று அண்ணன் பூட்ஸைத் துடைத்து வைத்தான். முகத்தில் கொஞ்சம் களை வந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, பக்கத்திலிருந்த பெரிய தோட்டத்துக்கும் அக்கரைக்காரர்களுக்கும் சாமி ஊர்வலத்தில் அடிதடி. 'அவங்களோட ஆடாதீங்க' என்று பெரிய தோட்டத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மிரட்டவெல்லாம் இல்லை. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது அவர்கள் லோரியில். எங்கள் கல்யாணங்கள் நடப்பது அவர்கள் மண்டபத்தில்.

கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். மானம் ரோசம் பேசிய அதே தலைவர் தொண்டையைச் செருமினார். "ஊரோட ஒத்துப் போவோம்லா. ஆட்டம் வேணாங்கிறவங்க கை தூக்குங்க."

பெண்கள் பக்கம் நின்று நான் அண்ணனை மட்டும் பார்த்தேன். இவனாவது எதிர்த்து நிற்பான் என்று நம்பினேன். முதல் கை அவனுடையது.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே பிடித்துக்கொண்டேன். "வெக்கமா இல்லியாண்ணே? யாரு ஒன் கையப் புடிச்சித் தூக்குனா?"

"யாரும் தூக்கல. நானாத்தான் தூக்குனேன்" என்றான். "தை மாசம் ஒன் கல்யாணத்துக்கு மண்டபம் வேணும்லா."

அந்த மண்டபத்தில்தான் எனக்குத் தாலி ஏறியது. பெரிய தோட்டத்துத் தலைவர் வந்திருந்தார். அவருக்கு முதல் மாலையை, யாரும் சொல்லாமலே, அண்ணன் போட்டான்.