பூந்தமல்லியில் செருப்புகள் நடத்திய போர்

என் எழுத்து மேலும் கீழுமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதுக்கு மேல் எழுதப் பழகிய கை. நான் எழுதிய தாளை மருமகள் படம் எடுத்து இங்கே ஏற்றுகிறாள்.

கொரோனா இரண்டாம் அலை இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. போன வாரம் இரண்டாவது தடுப்பூசிக்காக, ஆவடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சேக்காட்டிலிருந்து பூந்தமல்லிக்குப் போனேன். பூந்தமல்லியில் இருக்கும் பஷீர் பாயும் நானும் பல வருடமாகப் போர் விளையாட்டு ஆடுகிறவர்கள். அட்டையில் தேன்கூடு மாதிரிக் கட்டங்கள், சோடா மூடிகள்தான் படை. ஒரு கட்டத்தில் ஒரு படைதான் நிற்கலாம். ஊரடங்கு வந்த பிறகு போனிலேயே ஆடினோம். நானும் இரண்டாவது ஊசி போட்டால்தான் எதிரெதிரே உட்காரலாம் என்று பாயின் மகள் சொல்லிவிட்டாள். ஆவடியில் மருந்து தீர்ந்துவிட்டது, பூந்தமல்லி முகாமுக்கு வந்திருக்கிறது என்று பாய்தான் சொன்னார்.

காலை ஆறே முக்காலுக்கு ஆவடி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், முப்பது ரூபாய். இடைவெளிக்காகப் பின்னால் இரண்டு பேர்தான் என்றார் டிரைவர். அடுத்த நிறுத்தத்திலேயே மூன்றாவது ஆளை ஏற்றினார்.

"நைனா, போலீஸ் கீறாங்க. நடுவுல கீறவரு மட்டும் குனிஞ்சிக்கோ."

எங்கள் ஆட்டத்திலும் மறைந்து நகரும் படை உண்டு. சிரிப்பை முகக்கவசம் காப்பாற்றியது.

முகாம் வாசலில் சுண்ணாம்பு வட்டங்கள். ஆறடிக்கு ஒன்று, நூல் பிடித்த மாதிரி வரிசை. வட்டத்துக்குள் ஆள் யாரும் இல்லை, செருப்புகள்தான் நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் எல்லோரும் வேப்பமரத்து நிழலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேலேயே பலகை. எழுத்துக் கூட்டிப் படித்தேன்: இடைவெளி விட்டு நிற்கவும். செருப்புகள் ஒழுங்காகக் கடைப்பிடித்தன.

நானும் என் நீல வார்ச் செருப்பை ஒரு வட்டத்தில் நிறுத்திவிட்டு நிழலுக்குப் போனேன். பத்து மணி வாக்கில், டோக்கன் இன்னும் கொஞ்சம்தான் என்று நர்ஸ் அறிவித்தார். திரும்பிப் பார்த்தால் என் வட்டம் காலி. பின்னாலிருந்த குடைக்கார அம்மா தன் செருப்பை அதற்குள் தள்ளப் போனார். ஓடிப்போய் வெறுங்காலோடு உள்ளே நின்றேன்.

"எம்மா, இது என் எடம்."

"செருப்பு இல்லாத எடம் இன்னா எடம் தாத்தா?"

"ஆளே நிக்கிறனே."

"ஆளு நின்னா செல்லாது. எல்லாருக்கும் செருப்புதான் கணக்கு."

பாய்க்குப் போன் போட்டேன்.

"கட்டத்த உட்டுடாதீங்கண்ணே. மூடி காணோம்னா நீங்களே மூடியா நில்லுங்க" என்றார்.

தரை கொதித்தது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். அப்போது டீக்கடையிலிருந்து ஒருவர் வந்தார், என் செருப்பில்.

"இது உன்துங்களா பெருசு? என்துன்னு மாட்டிகினு பூட்டேன்." முன் வட்டத்தில் அதே நீல வாரில் அவருடைய ஜோடி இருந்தது.

கழற்றி என் வட்டத்தில் வைத்தார். குடைக்கார அம்மா மறுபேச்சில்லாமல் ஒரு வட்டம் பின்வாங்கினார். எனக்கு டோக்கன் கிடைத்தது, அவருக்கும் கிடைத்தது.

முகாமுக்குப் போகிறவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பு வாரில் ஒரு நூல் கட்டிவிடுங்கள்.

ஊசி போட்ட கையோடு பாய் வீட்டுக்குப் போனேன். நடுவில் அட்டையை வைத்து எதிரெதிரே உட்கார்ந்தோம். போனில் ஆடியபோதெல்லாம் என்னை அவர்தான் தோற்கடித்தார். அன்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: பொய்யாக ஒரு படையை நகர்த்தும்போது அவர் மேலுதடு துடிக்கிறது. மூன்று ஆட்டமும் நான்தான் ஜெயித்தேன்.

"வர்ற ஞாயித்துக்கெழம மாஸ்க் போட்டுகினுதாண்ணே ஆடுவேன்" என்கிறார் பாய். கண்ணை மட்டும் வைத்து அவரைப் பிடிக்க முடிந்ததா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.