அக்காவுக்கு வந்த அழைப்பு

எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது 1979ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஈப்போவில் எங்கள் வீட்டு வரிசைக்கே அதுதான் முதல் தொலைபேசி. அதற்கு முதலில் வேலை வைத்தவர் என் அக்கா. குடும்பம் ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில், ஒன்பது வயதில், காய்ச்சல் வந்து அவருக்கு இரண்டு காதும் கேட்காமல் போயிருந்தது. பேச்சு போகவில்லை. ஆனால் அந்தக் குரல் பழகியவர்களுக்குத்தான் புரியும்.

காது கேளாதவர்கள் தொலைபேசியில் பேச உதவும் சேவை எதையும் அப்போது நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அக்காவே ஒரு முறை வகுத்தார். நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார வேண்டும். மறுமுனையில் கேட்பதை ஒரு சொல் விடாமல், சத்தமின்றி, உதட்டால் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அக்கா வாய்விட்டுப் பதில் சொல்வார். அதை அப்படியே நான் ரிசீவரில் சொல்வேன். "அக்கா என்ன சொல்றாங்கன்னா" என்று ஆரம்பித்தால் தொடையில் அடி விழும்.

"மீசைய வெட்டுடா. பாதி வார்த்தை அதுலயே மாட்டிக்கிது," என்றார் ஒருநாள். வெட்டினேன்.

வீட்டிலேயே துணி தைத்துக் கொடுத்த அவர், வாடிக்கையாளர்களோடு அப்படித்தான் இரண்டு வருடம் பேசினார். 1981இல் தைப்பிங் பக்கத்துக் கமுந்திங்கில் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்குத் தையல்காரர்கள் தேவை என்று தெரிந்து, தான் தைத்த ஒரு சட்டைக் காலரையும் கடிதத்தையும் அனுப்பினார். அவருக்கு முப்பத்தாறு வயது. சொந்தச் சம்பளம், தங்குவதற்கு ஹாஸ்டலில் ஓர் இடம். பல நாள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் தமிழர்.

"அண்ணே, அந்த அக்கா தைச்ச காலர் பார்த்தோம். பாகுஸ்லா, ரொம்ப நல்லாருக்கு!"

உதட்டால் சொன்னேன். அக்கா சிரித்தார்.

"காது கேக்காதுன்னு எழுதியிருக்காங்க, அது பரவால்ல. திங்கக்கிழமையே வரலாம். ஹாஸ்டல்ல தங்கணும். தனியா சமாளிச்சுக்குவாங்களா?"

நான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இல்லைங்க, சரிவராது. தனியா இருக்க மாட்டாங்க."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன் அண்ணே."

"கேட்டாச்சு."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"என்னடா சொன்னான்?"

"ஆள் எடுத்துட்டாங்களாம்."

"அதுக்கு ஏன் சுவத்தப் பார்த்த?"

"லைன் சரியில்லக்கா."

கல்யாணமாகாத பெண்ணைத் தனியே அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். உண்மை அதைவிடச் சிறியது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தது அக்கா. அவர் போய்விட்டால் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விதான் என் முகத்தைத் திருப்பியது. அன்றைய நாட்குறிப்பில், "கமுந்திங் அழைப்பு. ஆள் எடுத்தாகிவிட்டது" என்று எழுதி வைத்தேன். மழை பெய்த நாளைக்கூடத் தவறாமல் குறிப்பவன் நான். அதில் தெரிந்தே பொய் எழுதிய பக்கம் அது ஒன்றுதான்.

அடுத்த புதன்கிழமை அக்கா யாரிடமும் சொல்லாமல் தைப்பிங் பஸ் ஏறி, அங்கிருந்து கமுந்திங் போய்த் தொழிற்சாலை வாசலில் நின்றிருக்கிறார். என்னோடு பேசிய குமாஸ்தாவே நடந்ததைத் தாளில் எழுதிக் காட்டியிருக்கிறார். மாலையில் திரும்பி வந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, என் எதிரே உட்கார்ந்தார்.

"நீ சொன்னது பலிச்சிருச்சு. இப்ப நெசமாவே ஆள் எடுத்துட்டாங்க."

நான் குனிந்து செய்தித்தாளை மடித்தேன்.

"கேட்டாச்சுன்னு சொன்னியாமே. எப்படா கேட்ட?"

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவினார்.

அதற்குப் பிறகு அக்கா எங்கள் தொலைபேசியின் முன்னால் உட்காரவே இல்லை. தெருமுனையில் இருந்த சீனர் மளிகைக்கடையின் தொலைபேசி எண்ணை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தார். கடைக்காரரின் மகளுக்கு அக்காவே அந்த உதட்டசைவு முறையைச் சொல்லிக் கொடுத்திருந்தார். எல்லாம் மலாய் மொழியில்.

மறு வருடம் ஜனவரியில் சீனி வாங்கப் போனபோது அவர்களைப் பார்த்தேன். அந்தப் பெண் ரிசீவரோடு முக்காலியில் உட்கார்ந்து, அக்காவைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். காம்பார் என்ற வெளியூரில் ஒரு தையல் கடையிலிருந்து வந்த அழைப்பு அது. எந்த நாளில் வேலைக்கு வந்து சேரலாம் என்று அக்கா உரத்த குரலில் கேட்டார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்தப் பெண் அக்காவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் வீசி என்னை விலகச் சொன்னாள். அவள் உதட்டின் மேல் விழும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சீனி வாங்காமலே வெளியே வந்தேன்.