முதல் வாங்கில் வாசக்கூட்டி

அந்த வருடம் அக்கரப்பத்தனையில் மழை விட்டபாடில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டு, ஆஸ்பத்திரி லொறி தினமும் வந்து போனது. நான் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். வகுப்பில் பாதி இடம் காலி. நாங்களெல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்க, லயங்களைச் சுத்தம் செய்யும் வாசக்கூட்டி மட்டும் வேலை பார்த்தார். கழிவுநீர்க் கான்களை வெட்டிவிட்டார். கக்கூஸ்களைக் கழுவிச் சுண்ணாம்பு போட்டார். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் தேங்கிய அழுக்கைக் கையாலேயே அள்ளினார். ஒரு பிள்ளையும் சாகவில்லை.

அவரும் எங்கள் தேவாலயச் சபைதான். ஞாயிறுதோறும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கதவோரக் கடைசி மர வாங்கில் உட்காருவார். திருவிருந்தில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில்தான் திராட்சரசம் குடிப்போம். அவர் எல்லோருக்கும் கடைசியாக வருவார். அப்படி வரச்சொல்லி யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

நோய் அடங்கியதும் அவருக்கு நன்றி சொல்ல ஓர் ஆராதனை வைத்தோம். பேச்சு எழுதும் பொறுப்பு எனக்கு. சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாகவே எழுதினேன். சீஷரின் கால்களைக் கழுவிய இயேசுவைக்கூட உள்ளே கொண்டுவந்தேன். வாசித்தபோது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவருக்கு மாலை போட்டு, முதல் வாங்கில் என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

அடுத்தது திருவிருந்து. முதல் வாங்கிலிருந்துதானே தொடங்கும்! அதை எங்களில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. போதகர் அழைக்க, அவர் முன்னே போய் முழங்காலிட்டார். பக்கத்தில் நான்.

போதகர் பாத்திரத்தை நீட்டினார். அவர் அதில் வாய் வைக்காமல் இரண்டு கைகளையும் குவித்து ஏந்தினார்.

“கையில ஊத்துங்கய்யா. அடுத்து டீச்சர் குடிக்கணும்ல.”

எங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டாலும் அப்படித்தான் வாங்குவார். நானே எத்தனை தடவை செம்பை உயரத் தூக்கி ஊற்றியிருக்கிறேன்! அந்தக் கைகளைப் பார்த்ததும் எனக்கு ‘அப்பாடா’ என்றிருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் அதுதான் உண்மை.

போதகர் ஊற்றவில்லை. பாத்திரத்தைப் பிடித்தபடியே நின்றார். இவரும் கையை இறக்கவில்லை. ஏதோ குற்றம் செய்துவிட்டவரைப் போல என்னைப் பார்த்தார். சபையில் மற்ற ஆண்களையெல்லாம் அண்ணே என்று கூப்பிடும் நான், அவரை அதுவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

“வாய் வச்சுக் குடிங்கண்ணே,” என்றேன். “அப்புறம் நான் குடிக்கிறேன்.”

அவர் குடித்தார். நானும் குடித்தேன். எனக்குப் பிறகு ஆறு பேர்தான் எழுந்து வந்தார்கள். மற்றவர்கள் கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்கள், ஆராதனை முடியும்வரை.

வெளியே வந்ததும் அவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். மாலையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“என்னாலதான இத்தன பேருக்குத் திருவிருந்து இல்லாமப் போச்சு,” என்றார். “மன்னிச்சுக்கங்க டீச்சர்.”