ஆரோக்கியம் அண்ணனின் இடது கண்

தம்பின் பசாரில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது ஆரோக்கியம் அண்ணன் மகள் ஸ்டெல்லாவின் போன் வந்தது. "சித்தப்பா, அப்பா போயிட்டாரு." மீனை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சுவாப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பட்லர் ஆரோக்கியம் அண்ணனைத் தெரியாதவர்கள் குறைவு. இடது கண் எப்படிப் போனது என்று கேட்டால், "ரப்பர் காய் வெடிச்சு வெத தெறிச்சதுலா" என்பார். நீங்களும் நம்பினீர்கள். சுத்தப் பொய். இனி அவர் என் வாயை அடக்க முடியாது, சொல்லிவிடுகிறேன்.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, மரம் சீவப் போகும் எங்களைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். சீனிப் பொட்டலம் அகப்பட்டாலும் தூக்குக் கயிறுவரை போகும். கம்பிக்கு வெளியே இருந்த பங்களாவில் அண்ணன் தோட்டத் துரைக்காகப் பீர் காய்ச்சுவார். பீப்பாயில் ஊற்றியபின் சீனி கலந்து இறுக அடைத்தால், அது புளித்துக் காற்றாகும், அதுதான் நுரை. இல்லாவிட்டால் வெறும் கசப்புத் தண்ணீர். ஒருநாள் பங்களாவில் சீனி தீர்ந்துபோனது. "பால் வாளி அடியில வச்சுக் கொண்டாடா முனியாண்டி, ஒருத்தனும் பாக்க மாட்டான்" என்றார். பார்த்துவிட்டார்கள்.

காவல் சாவடியில் துப்பாக்கிக் கட்டையால் என் முன்பற்களை உடைத்தார்கள். உண்மையைச் சொன்னேன். துரை தெரியாது என்று கைவிரித்தார். சீனித் தடைக்குக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். அண்ணனும் கைவிரித்திருந்தால் என் கதை முடிந்தது. அவர் வந்து நின்று, "சீனி என்னோடது. இதையே பீப்பாயில போட்டு உங்க முன்னாடி அடைக்கிறேன். ஏழு நாள்ல நுரை பொங்கலன்னா என்னையும் இவன்கூடத் தூக்குல போடுங்க" என்றார். வெள்ளைக்கார ஆபீசருக்கு அது வேடிக்கையாகப் பட்டது. சரி என்றார்.

பீப்பாய் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். காட்டில் யாருக்குச் சீனி கொண்டுபோனாய் என்று கேட்டுக் கேட்டு ரோத்தான் பிரம்பால் விளாசினார்கள். பூட்ஸ் காலால் என் வலக்கை விரல்களை மிதித்து அரைத்தார்கள். மூன்றாம் நாள், காட்டில் சுட்டுக் கொன்ற இருவரைக் கம்பில் கட்டித் தூக்கிவந்து முற்றத்தில் போட்டு, என் தலைமயிரைப் பிடித்து அந்த முகங்கள்மேல் அழுத்தினார்கள். ஒருவனுக்கு என் வயதுதான் இருக்கும். அடித்தவர்களைவிட எனக்குப் பீப்பாய்மேல்தான் ஆத்திரம். "பொங்கித் தொலையேன்" என்று அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

ஐந்தாம் நாள் ஒரு காவலன் பீப்பாயை உதைத்தான். அடைப்பு அசைந்து உஸ்ஸென்று காற்று கிளம்பியது. அது என் உயிர். ஊர்ந்துபோய் அடைப்பின்மேல் நெஞ்சைக் கொடுத்து அழுத்திக்கொண்டேன். எனக்குச் சோறு கொண்டுவந்த அண்ணன் பார்த்தார். அந்தச் சோற்றையே பிசைந்து விளிம்பில் அப்பி, அடைப்பை அடித்து இறுக்கினார். அன்று நான் பட்டினி.

ஏழாம் நாள் ஆபீசர் கைத்துப்பாக்கியை அண்ணன் பிடரியில் வைத்து, "புக்கா! குனிந்து திற, தந்திரம் பண்ணாதே" என்று மலாயில் கத்தினார். அண்ணன் சுத்தியலால் ஒரே தட்டு. அடைப்பு பாய்ந்து அண்ணனின் இடது கண்ணில் மோதியது. கூரைவரை அடித்த நுரை, ஆபீசரின் பூட்ஸ்மேல் சிவப்பாக வழிந்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு, "பாருங்க துரை, சீனி! சீனி!" என்று அண்ணன் அலறினார். மதியமே என்னை விட்டுவிட்டார்கள்.

சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு நான் போனது நன்றி சொல்ல அல்ல. "ஒங்க சீனியாலதானே அண்ணே எனக்கு இந்தக் கதி" என்று கத்தினேன்.

"ஆமாடா" என்றார். பிறகு, "அடைப்ப மெல்லத் தளத்தியிருந்தா கண்ணு தப்பிச்சிருக்கும். ஆனா காத்தெல்லாம் போயி நுரை கொஞ்சமாத்தான் வந்திருக்கும். அந்தாளு நம்பியிருக்க மாட்டான்லா. அதான் ஒரே தட்டா தட்டினேன்" என்றார்.

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

நினைவுக்கென்று அவர் சட்டையோ கடிகாரமோ என்னிடம் இல்லை. அறிந்தே அவர் கொடுத்த கண்ணால் கிடைத்த எழுபது வயதும் நான்கு பிள்ளைகளும் இருக்கின்றன. நன்றி என்ற சொல்லை ஒருநாளும் அவர் காதில் போடவில்லை. அதையும் நானேதான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.